நான் எடுத்து வைத்த வெள்ளை

கைத்தையலுக்கு நூல் எப்படிப் பார்த்து எடுப்பது என்று எழுதித் தரும்படி எங்கள் தையல் கூடத்துப் பெண்கள் கேட்டார்கள். இப்போது துணியைப் போனில் படம் பிடித்தால் அதுவே நூல் நம்பர் சொல்லிவிடுகிறதாம். "அப்படியும் தப்பு வருது அக்கா. நீங்க எப்படிப் பாப்பீங்களோ அத எழுதுங்க, நாங்க செவுத்துல ஒட்டிக்கிறோம்" என்றார்கள். நான் கோலாரில் மூன்றாம் வகுப்பு வரைதான் போனவள். என் எழுத்து ஓடுகிற பஸ்ஸில் எழுதினதுபோல் இருக்கும். இருக்கட்டும், அவசரம் ஒன்றும் இல்லை.

ஆனால் எழுத உட்கார்ந்தால் நூல் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. அந்த ஒரு வியாழக்கிழமைதான் வந்து நிற்கிறது. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். செவுத்தில் ஒட்ட முடியாது. படித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் பேர் ஆரோக்கியம்மா. அப்பாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை. கல்யாணமாகி நகரத்துக்கு, நீலசந்திராவுக்கு வந்தேன். ரெண்டு பிள்ளை பிறந்த பிறகு காக்ஸ் டவுனில் ஐரீன் மேடத்தின் தையல் கூடத்தில் சேர்ந்தேன். கோயில் பீடத்துக்கு விரிக்கிற துணி, கல்யாண முக்காடு, ஞானஸ்நான உடுப்பு, மேஜைத் துணி, எல்லாம் கைவேலை. மூன்று வருஷம் எனக்கு ஊசி கொடுக்கவில்லை. சிக்கெடுப்பது, கண்டு கண்டாகப் பிரித்து அடுக்குவது, இதுதான். நாலாவது வருஷம் நூல் மேசை என் கைக்கு வந்தது. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மேசையை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

ஐரீன் மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கூட்டுகிற அம்மாவைக்கூட நீங்க என்றுதான் கூப்பிடுவார். வேலை தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றி, கவுன் ஓரத்தில் ரெண்டு பக்கமும் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க" என்பார். அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தை வந்தால் பிரித்துத் தைக்க வேண்டியதுதான். சரியாக இருந்தால் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அவர் அப்படிப் போன நாளெல்லாம் நான் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன்.

இப்போது நூல். கண்டாகப் பார்த்து எடுக்காதீர்கள். கண்டாக இருக்கும்போது நூல் கருத்துக் காட்டும், தைத்ததும் வெளுத்துப் போகும். ஒரே ஒரு இழையைப் பிரித்துத் துணிமேல் போட வேண்டும். போட்டு, வாசல் பக்கம் எடுத்துப் போக வேண்டும். வெயில் நேராக விழக் கூடாது, டியூப்லைட்டும் கூடாது. காலை பதினோரு மணிக்கு வடக்கு வாசலில் ஒரு வெளிச்சம் இருக்கும் பாருங்கள், அது பொய் சொல்லாது. இழை துணியில் மறைந்துபோனால் அதுதான் உங்கள் நூல். தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தேடாமலே தெரிந்தால் வேறே எடுங்கள்.

அப்புறம் அந்த இழையை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்துக் கட்டை விரலால் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அந்தக் கண்டை அப்படியே தள்ளி வையுங்கள். சிவப்பை நம்பவே நம்பாதீர்கள். பட்டுத் துணிக்குப் பட்டு நூல், பருத்திக்குப் பருத்தி. பளபளப்பு நூல் கண்ணுக்கு அழகு, கைக்குச் சனியன், முழத்துக்கு நாலு சிக்கு. ஒரு வேலைக்கு வேண்டிய நூலை ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். நம்பர் ஒன்றாகவே இருக்கும், அடுத்த மாசம் வருகிற கண்டு வேறே நிறமாக இருக்கும். நான் நம்பரை நம்பினதில்லை. நானே பேர் வைத்துக்கொள்வேன். வெள்ளையில் மட்டும் எங்கள் மேசையில் ஏழு உண்டு. டியூப்லைட் வெள்ளை, பால் வெள்ளை, மோர் வெள்ளை, பூண்டு வெள்ளை, சோத்து வெள்ளை, பாலாடை வெள்ளை, எலும்பு வெள்ளை. கூடம் முழுக்க இந்தப் பேர்தான். மேடமே, "ஆரோக்கியம், ரெண்டு சோறு கொடுங்க" என்பார். புதிதாக வந்தவர்கள் முழிப்பார்கள்.

இன்னொரு வழக்கம். நான் இழையைத் துணிமேல் வைத்து ஒரு குண்டூசி குத்திவிட்டால் அதை யாரும் தொடக் கூடாது. ஒருத்தி தொட்டு, இன்னொருத்தி மாற்றி, ஒரு பீடத் துணியில் ரெண்டு சிவப்பு வந்துபோன பிறகு மேடம் வைத்த சட்டம் அது. எனக்கு அதில் பெருமைதான். பொய் சொல்வானேன்.

மும்தாஜ் இருபது வருஷமாக எனக்குப் பக்கத்தில், துணியை இழுத்துக் கட்டித் தைக்கிற ஃப்ரேமில் உட்காருகிறவள். ஊசி பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வாயிலும் கிடையாது. "அக்கா, உங்க கண்ணுக்கு இன்ஷூரன்ஸ் போடுங்க. அது போச்சுன்னா நாங்கல்லாம் பட்டன் தைக்கத்தான் போகணும்" என்பாள். "என் கண்ணு என்னோட குழிக்குள்ள வரும்டி, நீ ஒன் ஊசியப் பாரு" என்பேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஷீபா என்று ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். கையில் ஒரு வெள்ளைப் பட்டுப் புடவை. அவள் அம்மா கல்யாணத்துக்குக் கட்டினது. அம்மா இறந்து ஆறு வருஷம். ஓரம் முழுக்க விரல்கடை அளவுக்கு லில்லிப் பூ, வெள்ளையில் வெள்ளை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் நூல் இற்றுப்போய் முப்பத்தொரு பூ காணோம். நடுநடுவில் பழைய பூ நன்றாக இருந்தது.

"புதுசா தச்சதுன்னு தெரியக் கூடாது ஆன்ட்டி. அம்மா கட்டினது மாதிரியே இருக்கணும். எங்க பெரியம்மா கடையில புதுப் பொடவை எடுக்கச் சொல்றாங்க. நான் இதத்தான் கட்டுவேன்னு சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள்.

"சண்டை வேற போட்டுட்டியா? அப்ப விட முடியாது, குடு" என்றேன்.

மேடம் அப்போது சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கல்யாணம் மூன்று வாரத்தில் ஒரு திங்கட்கிழமை. பதினோரு மணிக்கு வாசலுக்கு எடுத்துப் போனேன். பழைய பட்டு, வயசாகி மங்கியிருக்கும் என்று எனக்கும் தெரியும். ஏழு வெள்ளையும் வைத்துப் பார்த்தேன். பால் வெள்ளை அப்படியே மறைந்துபோனது. குண்டூசி குத்தினேன்.

மும்தாஜ் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இதுவா? வெள்ளை கொஞ்சம் தூக்கலா இல்ல?"

"மூணு வருஷம் சிக்கெடுத்துட்டு வந்து சொல்லு."

"இல்லக்கா, நிஜமாத்தான்..."

"மும்தாஜ், நூல நான் பாக்குறேன். ஊசிய நீ பாரு."

பெண்கள் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போனது. வழக்கமாகச் சாயங்காலம் நூலை ஃப்ரேமிலேயே வைத்துவிட்டுப் போவேன். இது அம்மா இல்லாத பெண்ணின் புடவை ஆயிற்றே என்று அந்தக் கண்டுகளை என் பையிலேயே போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். தினம் காலையில் நானே ஊசி ஊசியாகக் கோத்துக் கொடுத்தேன். மும்தாஜும் நானும் இன்னும் ரெண்டு பேரும் தைத்தோம். மும்தாஜ் மறுபடி வாயே திறக்கவில்லை. கோபம், போய்விடும் என்று இருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை ஷீபா வந்தாள். மேடமும் அன்று காலையில்தான் ஊரிலிருந்து வந்திருந்தார். புடவையை மேசையில் விரித்தேன். எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவு அழகு. புதுப் பூ எது பழைய பூ எது என்று எனக்கே தெரியவில்லை.

ஷீபா வாயில் கையை வைத்துக்கொண்டாள். சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.

"ஆன்ட்டி, புள்ளி புள்ளியா இருக்கே."

"என்ன புள்ளி?"

"புதுப் பூவெல்லாம் தனியாத் தெரியுது. இங்க, இங்க, இங்க பாருங்க..." ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. நாங்கள் தைத்த பூவையே தொட்டாள்.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். ரெண்டு பக்கமும் துடைத்தார். போட்டுக்கொண்டார். "ஆரோக்கியம், கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க."

வாசலுக்குப் போனோம். ஏழு வெள்ளையிலிருந்தும் ஒவ்வொரு இழை பிரித்துப் புடவைமேல் போட்டார். "எது சேருது, காட்டுங்க." நான் பார்த்தேன். மறைந்துபோன இழையைக் காட்டினேன். அது மறுபடியும் பால் வெள்ளை. "இன்னொரு தரம்" என்றார். இடத்தை மாற்றிப் போட்டார். இந்தத் தடவை ரெண்டு மறைந்தது. ஒன்றைக் காட்டினேன். "அது டியூப்லைட் வெள்ளைக்கா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

மேடம், "மும்தாஜ், அந்த டப்பாவ எடுத்துட்டு வாங்க" என்றார்.

பிஸ்கட் டப்பா. திறந்தாள். உள்ளே ஒவ்வொரு துண்டுத் துணியிலும் ரெண்டு ரெண்டு நூல் சுற்றி வைத்திருந்தாள். ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "அக்கா, இது நீங்க வெச்சது. இது நான் மாத்தினது."

எனக்கு ரெண்டும் கறுப்பு. "ரெண்டும் ஒன்னுதானே?" என்றேன்.

"ஒன்னு கறுப்புக்கா. ஒன்னு நீலம்."

அடுத்ததை வைத்தாள். அதுவும் ஒன்று. அதற்கடுத்ததும் ஒன்று. மொத்தம் இருபத்துமூன்று துண்டு. ஒரு வருஷத்துக்கு மேலாக நான் நூல் வைத்துவிட்டுப் போன பிறகு காலையில் சீக்கிரம் வந்து இவள் மாற்றியிருக்கிறாள். இந்தப் புடவை நூலை நான் வீட்டுக்கு எடுத்துப் போனதால் இதை மட்டும் மாற்ற முடியவில்லை. மேடத்துக்குத் தெரியும். ஃப்ரேமில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கூட்டுகிற அம்மாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. தப்பு என்று சாட்சியைக் கையில் கொடுக்கிறார்கள், அந்தச் சாட்சியே என் கண்ணுக்குத் தெரியவில்லை. பூமி நழுவுகிறது என்பார்களே, நான் நிஜமாகவே கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து நான் பேசினதை எழுதக் கூடாது. எழுதுகிறேன். "எல்லாரும் சேந்து என்ன வீட்டுக்கு அனுப்பப் பாக்குறீங்க. ரெண்டு ஒரே நூலக் காட்டி என்னப் பைத்தியம் ஆக்கப் பாக்குறீங்க" என்று கத்தினேன். மும்தாஜைப் பார்த்து, "என் நாற்காலியில உக்காரணும்னு எத்தன வருஷமாடி காத்துட்டிருந்த? பொய்க்காரி" என்றேன்.

அவள் அழுதாள். இருபது வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அவள் வீட்டுக்காரர் இறந்த அன்றைக்கு மட்டும்தான். "ரெண்டு வாட்டி சொன்னேனேக்கா. ரெண்டு வாட்டியும் எல்லாரு முன்னாலயும் திட்டினீங்களே" என்றாள்.

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன்" என்றார் மேடம். "சொன்னா நீங்க மறுநாள் வர மாட்டீங்கன்னு பயந்தேன். அது என் தப்பு."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். பின்னாலேயே ஷீபா ஓடி வந்தாள். நெஞ்சோடு புடவையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, உங்க சண்டை எதுவும் எனக்குத் தெரியாது. திங்கக்கிழமை எனக்குக் கல்யாணம். இத இப்படியே கட்டிட்டுப் போனா பெரியம்மா கோயில்லயே சிரிப்பாங்க. அதுகூடப் பரவால்ல. எங்கம்மா பொடவை புள்ளி புள்ளியா இருக்கு ஆன்ட்டி. பிரிச்சா துணி கிழியும்னு மேடம் பயப்படறாங்க. நீங்க தச்ச வழி உங்க கைக்குத்தான் தெரியுமாம்."

அவள் சொன்னது சரி. பழைய பட்டு, ஊசி போன ஓட்டையிலேயே திரும்ப வர வேண்டும். கொஞ்சம் விலகினாலும் கிழியும். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

கூடத்துக்குத் திரும்பி வந்து யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தேன். புடவையைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் விரலால் தடவித் தடவி ஒவ்வொரு தையலாக அறுத்து எடுத்தேன். அதற்குக் கண் வேண்டியதில்லை. முப்பத்தொரு பூ. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் முடித்தேன். ஒரு இடத்திலும் கிழியவில்லை.

மும்தாஜ் வாசலில் நின்றாள். இழை பிரித்தாள், போட்டாள், நனைத்தாள், அழுத்தினாள். நான் செய்கிற மாதிரியே, ஒன்றுகூட விடாமல். "அக்கா, பாலாடையா, சோறா?" என்று கேட்டாள். பழக்கம், கேட்டுவிட்டாள்.

"எனக்குத் தெரியல. நீ சொல்லு" என்றேன்.

"பாலாடை" என்றாள். குண்டூசியை அவளே குத்தினாள். ராத்திரியும் விடாமல் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து தைத்து, சனிக்கிழமை சாயங்காலம் புடவை போனது. நான் அவளிடம் வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. உள்ளுக்குள் நான் இன்னும் நம்பவில்லை, அதுதான் உண்மை.

திங்கட்கிழமை கோயிலுக்குப் போனேன். ஷீபா நடந்து வந்தாள். எனக்கு வியாழக்கிழமை பார்த்த புடவையும் இதுவும் ஒன்றுபோலவே இருந்தது. நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மற்றவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டி வந்தது. அந்தப் பெரியம்மா யார் என்று விசாரித்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சரி, தப்பில்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் மேடமே என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் பொண்ணு சின்னவள். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கன்னடத்தில், "அஜ்ஜி, எரடு கண்ணல்லூ பொரெ பந்திதெ. இஷ்டு தின ஹேகெ கெலச மாடிதிரி?" என்றாள். ரெண்டு கண்ணிலும் புரையாம். இத்தனை நாள் எப்படி வேலை செய்தீர்கள் என்று கேட்கிறாள். நான் என்ன சொல்வேன்? புரை மஞ்சள் கண்ணாடி மாதிரியாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் போட்டிருப்பதே தெரியாதாம்.

முதலில் வலது கண்ணில் ஆபரேஷன். கட்டைப் பிரித்தபோது நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் பயந்துபோனாள். சுவர் அவ்வளவு வெள்ளை. நர்ஸ் உடுப்பு நீலம், நான் சாம்பல் என்று நினைத்திருந்தேன். வலது கண்ணை மூடினால் எல்லாம் டீ வடிகட்டின துணி மாதிரி. இடதை மூடினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி. ஒரே முகத்தில் ரெண்டு வெள்ளை. வீட்டுக்கு வந்து என் கோயில் புடவைகளை எடுத்துப் பார்த்தேன். வெளிர் மஞ்சள் என்று நினைத்து ஒரு வருஷமாக வாங்கிக் கட்டினதெல்லாம் வெள்ளை.

கல்யாணமாகி ஒரு மாசத்தில் ஷீபா மாப்பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். "புடவைய எடுத்துட்டு வா" என்று போனில் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளைக்குக் காப்பி கொடுத்துவிட்டு வாசலில் விரித்தேன். பிரித்தெடுத்த நூலைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தேன். புதுக் கண்ணால் முதலில் மும்தாஜ் வைத்த பூவைத் தேடினேன். தப்பு தேடினேன், அப்படியே சொல்லிவிடுகிறேன். கிடைக்கவில்லை. எது புதுசு எது பழசு என்று தெரியவில்லை. அப்புறம் என் நூலை எடுத்து அதன்மேல் போட்டேன்.

ஐயோ. வயசான முகத்தில் சுண்ணாம்பு தடவின மாதிரி இருந்தது. அதையா நான் குண்டூசி குத்தி வைத்தேன்? அதற்காகவா ஒருத்தியைப் பொய்க்காரி என்றேன்?

"இப்பத் தெரியுதா ஆன்ட்டி?" என்றாள் ஷீபா மெதுவாக.

"தெரியுது" என்றேன்.

ரெண்டாவது கண்ணும் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு கூடத்துக்குப் போனேன். மும்தாஜிடம், "டப்பாவக் குடு" என்றேன். எல்லாரையும் வாசலுக்கு வரச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்து உரக்கச் சொன்னேன். "இது கறுப்பு. நான் வெச்சது. தப்பு. இது நீலம். மும்தாஜ் வெச்சது. சரி." அடுத்தது. "இது என் தப்பு. இது மும்தாஜ் சரி." எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இப்படித்தான் வந்தது.

பத்தாவது வந்தபோது அவள், "போதும்க்கா, டீ ஆறுது" என்றாள். "ஆறட்டும்" என்றேன். இருபதாவதில் அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "அல்லா, விடுங்கக்கா" என்றாள். "இன்னும் மூணு இருக்கு."

இருபத்திரண்டாவதை எடுத்தேன். ஒரு மேஜைத் துணியின் துண்டு. பழைய இலைகள் இற்றுப்போய்த் திரும்பத் தைத்தது. அந்தப் பழைய பச்சை இழையும் கூடவே ஒட்டி வைத்திருந்தாள். பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன்.

"மும்தாஜ், இது?"

"அது ஒக்கலிபுரத்துல ஒரு வீட்டுது. நீங்க மஞ்சள் அடிக்கிற பச்சையா எடுத்திருந்தீங்க, நான் மாத்தினேன்."

"வெளிச்சத்துல பாத்தியா?"

"அவசரம்... நீங்க வெச்சதுன்னா தப்பாத்தான் இருக்கும்னு..." துண்டை வாங்கிக்கொண்டு வாசலுக்கு இன்னும் கிட்டே போனாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரெண்டு இழையையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். "யா அல்லா" என்றாள். என் பச்சை பழைய இழையோடு மறைந்துபோயிருந்தது. அவளுடையது நீலம் அடித்தது.

ஐரீன் மேடம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் துடைத்து முடிக்கும் முன் மும்தாஜ் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. கூடமே சிரித்தது. ஆனால் சிரிப்பு அடங்கினதும் அவள் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தெரியும் அந்த முகம். அந்த வியாழக்கிழமை நான் வைத்துக்கொண்டிருந்த முகம்.

மறுநாள் ரெண்டு பேரும் சின்ன ஃப்ரேமும் சரியான பச்சையும் எடுத்துக்கொண்டு ஒக்கலிபுரத்துக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை. கதவைத் திறந்த அம்மா, மேஜைத் துணி நல்லாத்தானே இருக்கு, எட்டு மாசமா விரிச்சிருக்கோம், வந்தவங்க எல்லாம் நல்லா இருக்குன்னாங்க, எங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியலையே என்று திகைத்துப்போய் நின்றார்.

"எங்களுக்குத் தெரியுதும்மா" என்றாள் மும்தாஜ். "மேஜையில இருக்கிற தட்டெல்லாம் எடுங்க."